லக்சிகா அனுப்பின புத்தகப் பெட்டி

சாவகச்சேரி,
09.03.2025, ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் லக்சிகாவுக்கு,

நானும் அம்மாவும் உடம்பாலை சுகமாத்தான் இருக்கிறம். நீயும் அப்பிடியே இருக்கிறாய் எண்டு எழுதிப்போட்டு மேலை போறதுதான் வழக்கம், இந்தமுறை அப்பிடி எழுத எனக்குக் கை வரேல்லை, அதாலை அதைக் கேள்வியாவே விடுறன். நீ எப்பிடி இருக்கிறாய் பிள்ளை? நேற்றுப் பின்னேரத்திலை இருந்து உன்ரை போன் நிப்பாட்டிக் கிடக்கு. நான் இப்ப வட்டுக்கோட்டையிலை இல்லை. உன்னோடை கம்பஸிலை படிக்கிற பிரசாந்தியின்ரை வீட்டு விறாந்தையிலை இருந்து எழுதுறன், கொப்பியும் பேனையும் அவள்தான் தந்தவள். எட்டு மணிக்குக் கண்டி பஸ் இந்த ரோட்டாலை வரும், அதிலை ஏறி உன்னட்டை வாறன். நேரிலை வாற மனுசன் ஏன் குந்தியிருந்து எழுதுறார் எண்டு நீ நினைப்பாய். எனக்கு உன்னைக் கண்டால் சாப்பிட்டியோ, காசு கிடக்கோ எண்ட ரண்டு கேள்விக்கு மேலை வராது, நீ ஓமப்பா எண்டுவாய், நான் தோட்டத்துக்குப் போயிடுவன், இருபத்திரண்டு வருசம் அப்பிடியே போச்சு. இண்டைக்கு அப்பிடி விட ஏலாது. அதுதான் எழுதிக் கையிலை கொண்டு வாறன்.

வீட்டுப் புதினம் முதல் சொல்லிப்போடுறன். வெங்காயம் கிண்டியாச்சு, பிந்தின மழையாலை கிழக்குப் பக்கத்து நாலு பாத்தியும் அழுகிப்போச்சு, மிச்சம் பரவாயில்லை. அம்மாவுக்கு முழங்கால் உழைவு அப்பிடியேதான், எண்ணெய் பூசுறா. சிவப்பி மாடு நாகு கண்டு போட்டிருக்கு, நெத்தியிலை வெள்ளைப் பொட்டு, அம்மா நீ வந்து பேர் வைக்கட்டும் எண்டு இன்னும் ஒரு பேரும் கூப்பிடாமல் வைச்சிருக்கிறா. இனி நான் சொல்ல வந்ததுக்கு வாறன். வியாழக்கிழமை விடிய பஸ் கொண்டக்ரர் போன் எடுத்து உங்கடை மகள் ஒரு பெட்டி போட்டு விட்டிருக்கிறா, வந்து எடுங்கோ எண்டார். நீ அனுப்பப் போறாய் எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. சைக்கிள் கரியரிலை கட்டிக்கொண்டு வந்து இறக்கினன், நல்ல பாரம். அம்மா கயிறை அவிட்டா. எல்லாம் உன்ரை புத்தகங்கள், முப்பதுக்கு மேலை, ஒவ்வொண்டும் துடைச்சுப் பெரிசு சிறிசாப் பாத்து அடுக்கியிருந்தாய். எங்கடை சனசமூக நிலைய வாசிகசாலையிலை நீ ஏஎல் படிக்கேக்கை எடுத்த மூண்டு புத்தகமும் அதுக்குள்ளை இருந்தது. அடியிலை ஒரு பேப்பர்ச் சுருளுக்குள்ளை, நீ கம்பஸுக்குப் போகேக்கை அம்மா கழுத்திலை போட்டு விட்ட சங்கிலி. ஹொஸ்ரலிலை களவு கூடவாம், அதுதான் கவனமா அனுப்பியிருக்கிறாள் எண்டு அம்மா சொன்னா. நானும் ஓம் எண்டன். பிள்ளைக்குப் பொறுப்பு வந்திட்டுது எண்டு சந்தோசமாயும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்த மூண்டு புத்தகத்தையும் கொண்டுபோய் வாசிகசாலையிலை குடுத்தன். அங்கை இருக்கிற குணலட்சுமி ரீச்சர் சிரிச்சா, இதுகளை நான் எப்பவோ மறந்திட்டன், எடுத்த ஆக்கள் ஊரிலை இருந்துகொண்டே திருப்பித் தாறேல்லை, இவள் அவ்வளவு தூரத்திலை இருந்து அனுப்பியிருக்கிறாளே எண்டா. பிறகு புத்தகத்தை அலுமாரிக்குள்ளை வைச்சுக்கொண்டு, ஏன் அண்ணை, லக்சிகா எங்கையும் போறாளோ எண்டு சும்மா ஒரு கதைக்குக் கேட்டா. இல்லையே எண்டு சொல்லிப்போட்டு வெளியிலை வந்தன். சைக்கிளிலை ஏறக் காலைத் தூக்கின எனக்கு ஏறத் தோன்றேல்லை, உருட்டிக்கொண்டே வீட்டை வந்தன். அந்த வழியிலை எனக்கு என்ரை அண்ணையின்ரை நினைவு வந்தது, உன்ரை பெரியப்பா. அவர் பாம்பு கடிச்சுச் செத்தவர் எண்டுதான் நீ கேள்விப்பட்டிருப்பாய். ஊருக்கு நாங்கள் அப்பிடித்தான் சொன்னனாங்கள், அம்மாவுக்கும் கலியாணம் முடிச்சுப் பத்து வருசத்துக்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னனான். அவரைப் பாம்பு கடிக்கேல்லை பிள்ளை. அவர் தன்ரை உயிரைத் தானே விட்டவர். அப்ப அவருக்கு இருபத்திநாலு வயசு, எனக்கு இருபது. அதுக்கு முதல் கிழமை அவர் தன்ரை சைக்கிளைக் கழுவி எண்ணெய் விட்டு அயல் வீட்டுப் பெடியனுக்குக் குடுத்தார். இரவல் வாங்கின மண்வெட்டியைக் கொண்டுபோய்க் குடுத்தார். உடுப்பெல்லாம் தோய்ச்சு மடிச்சு வைச்சார். தன்ரை மணிக்கூட்டைக் கழட்டி என்ரை கையிலை கட்டிவிட்டு, உனக்குத்தான் வடிவா இருக்கு, நீயே வைச்சிரு எண்டார். நான் சந்தோசப்பட்டன். மூண்டு நாள் அந்த மணிக்கூட்டைக் காட்டிக்கொண்டு ஊரெல்லாம் திரிஞ்சன். அந்த மூண்டு நாளும் அவர் வீட்டிலைதான் இருந்தவர், என்னோடை ஒரே பாயிலை படுத்தவர், ஏன் அண்ணை இதையெல்லாம் குடுக்கிறாய் எண்டு நான் ஒருக்கால்கூடக் கேக்கேல்லை. நாலாம் நாள் கேக்க ஆள் இல்லை. இதை நீ தெரிஞ்சிருக்க வேணும்.

வீட்டை வந்து பெட்டியை இன்னொருக்கால் கவிட்டுப் பாத்தன். பச்சை மட்டைக் கொப்பி ஒண்டு இருந்தது. உன்ரை கொப்பியை நான் திறந்தது பிழைதான், கோவிக்கிறதெண்டால் நான் வந்த பிறகு என்னோடை கோவி. தெரிஞ்சு வைச்சியோ தெரியாமல் அகப்பட்டுப் போச்சோ எனக்குத் தெரியாது. சனிக்கிழமை முழுக்கத் தோட்டத்துக்குப் போகாமல் மால் கொட்டில் வாசலிலை இருந்து அதை வாசிச்சன். எனக்கு வாசிப்புப் பழக்கமில்லை எண்டு உனக்குத் தெரியும், ஒவ்வொரு வரியாத்தான் போனன். முன்பக்கங்கள் எவ்வளவு வடிவாய் இருக்கு. கன்ரீனிலை நீயும் நிரோஜாவும் ஒரு பிளேன்ரீயை ரண்டாப் பங்கு போட்டுக்கொண்டு ஒரே புத்தகத்தைப் பக்கத்திலை பக்கத்திலை இருந்து வாசிக்கிறது, அவள் கெதியா வாசிச்சு முடிச்சிட்டுப் பக்கத்தின்ரை அடியிலை விரலை வைச்சுக்கொண்டு உனக்காகக் காத்திருக்கிறது, அவள் சிரிக்கிற இடத்திலை நீ பிந்திச் சிரிக்கிறது, எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் தனிய இருந்து சிரிச்சன். அம்மா குசினியிலை இருந்து எட்டிப் பாத்தா, நான் கொப்பியை மடியிலை மறைச்சன். பிறகு நிரோஜா கலியாணம் முடிச்சுக் கனடாவுக்குப் போறாள். முதல் மாசம் அவள் ஒவ்வொரு நாளும் கதைக்கிறாள், பிறகு கிழமைக்கு ஒருக்கால், பிறகு அங்கை அவளுக்கு வேலை. அவளிலை பிழை இல்லை எண்டும் நீயே எழுதியிருக்கிறாய். இப்பவும் பக்கத்தின்ரை அடிக்கு வந்து நிக்கிறன், பக்கத்திலை ஒருத்தரும் இல்லை எண்டு ஒரு வரி. வாசிச்சால் எழுத்து மட்டும் போகுது, கதை உள்ளுக்கு வாறேல்லை எண்டு இன்னொரு இடத்திலை. வீட்டிலை எல்லாரும் என்னை நம்பியிருக்கினம், சோதினைக்குப் போகேல்லை எண்டு எந்த முகத்தோடை சொல்லுறது எண்டு தை மாதத்திலை ஒரு நாள். அதுக்குப் பிறகு பக்கம் பக்கமா வெறுமை, இடைக்கிடை மழை எண்டு மட்டும், இண்டைக்கும் எழும்பேல்லை எண்டு மட்டும். கடைசிப் பக்கத்திலை ஒரு பட்டியல், ஆர் ஆருக்கு என்ன எண்டு. சங்கிலி அம்மாவுக்கு. அகராதி பள்ளிக்கூடத்துக்கு. நீலப் பையும் குடையும் பிரசாந்திக்கு. அப்பாவுக்கு எண்டு எழுதிக் கோடு போட்டிருந்தாய். கோட்டுக்கு அங்காலை ஒண்டும் எழுதேல்லை. பேனையாலை நாலைஞ்சு இடத்திலை குத்தி வைச்சு யோசிச்ச அடையாளம் மட்டும் இருந்தது.

எனக்கு அப்பதான் புதன்கிழமை நீ போன் எடுத்தது திரும்ப வந்தது. மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது, வாய்க்கால் உடைச்சு நிண்டது, நான் மண்வெட்டியோடை ஓடிக்கொண்டு கதைச்சன். நீ வழமை மாதிரிக் கதைச்சாய், அம்மாவை விசாரிச்சாய், சிவப்பியை விசாரிச்சாய், பிறகு, அப்பா, நான் ஏதும் பிழை விட்டிருந்தால் மனசிலை வைச்சிருக்காதேங்கோ எண்டனீ. நான் என்ன சொன்னனான் எண்டு எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் கிடக்கு. விசர்க் கதை கதையாதை, தண்ணி வீணாப் போகுது, பிறகு எடுக்கிறன் எண்டனான். பிறகு நான் எடுக்கேல்லை. நேற்று அந்தப் பட்டியலைப் பாத்திட்டு எடுத்தன், நாலு மணிக்கு ஒருக்கால் மணி அடிச்சது, நீ எடுக்கேல்லை. அரை மணித்தியாலத்தாலை திருப்பி எடுக்க போன் நிப்பாட்டிக் கிடந்தது. அப்பவே பஸ் ஏறியிருக்க வேணும். நான் ஏறேல்லை, பிள்ளை சார்ஜ் போட மறந்திருப்பாள் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு இரவை விட்டிட்டன். அதுக்கும் என்னை மன்னிச்சுக்கொள்.

இண்டைக்கு விடியவும் போன் அப்பிடியேதான் கிடந்தது. உன்னோடை படிக்கிற ஆக்களிலை எனக்கு வீடு தெரிஞ்சது பிரசாந்தி ஒருத்திதான், அவள் லீவிலை வந்து நிக்கிறாள் எண்டு கேள்வி, பஸ் பிடிச்சு மத்தியானம் போலை இஞ்சை வந்து சேந்தன். என்னைப் படலையிலை கண்ட உடனை அவளுக்கு முகம் செத்துப்போச்சு. அங்கிள், லக்சிகாவுக்கு ஏதுமோ எண்டதுதான் முதல் கேள்வி. இல்லை, நீயல்லோ எனக்குச் சொல்ல வேணும் எண்டன். அவள் அழுதழுது சொன்னாள், தை மாதத்துக்குப் பிறகு நீ வகுப்புக்குப் போறேல்லையாம், ரண்டு பாடம் சோதினை எழுதேல்லையாம், அறையிலை தனியத்தானாம், ஆரும் கூப்பிட்டால் தலையிடி எண்டு சொல்லிக் கதவைச் சாத்திப்போடுவியாம். அவள் வெளிக்கிடுற அண்டைக்கு நீ உன்ரை நீலப் பையைக் குடையோடை கொண்டுவந்து குடுத்தியாம், நல்ல பை, நீ வைச்சிரு எண்டியாம். எனக்கு அந்த இடத்திலை இருக்க ஏலாமல் போச்சு. போனை எடு, அங்கை இப்ப ஆர் நிக்கினம் எண்டு பார் எண்டன். உன்ரை அறைக்குப் பக்கத்து அறையிலை இருக்கிற ஜெசிதா எண்ட பிள்ளைக்கு அவள் எடுத்தாள். காலமை நீ தண்ணி எடுக்கப் போனதை அந்தப் பிள்ளை கண்டிருக்கிறாள், அதுக்குப் பிறகு காணேல்லையாம். நாங்கள் ரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்க அவள் போய்க் கதவைத் தட்டினாள். என்ன எண்டு நீ கேட்டது போனுக்குள்ளாலை எனக்குக் கேட்டது. பிரசாந்தி ஜெசிதாவுக்குச் சொன்னாள், நீ அவளைத் தனிய விடாதை, ஏதாவது சாட்டுச் சொல்லி உள்ளுக்குப் போய் இரு, ஹொஸ்ரலுக்குப் பொறுப்பான மிஸ்ஸிட்டையும் போய்ச் சொல்லு எண்டு. ஜெசிதா உன்ரை அறைக்கு இஸ்திரிக்கைப் பெட்டி கேட்டு வந்து இன்னும் போகாமல் இருக்கிறாளெண்டால், பிள்ளை, அவளை அனுப்பினது நாங்கள்தான்.

அம்மாவுக்கு இஞ்சையிருந்துதான் போன் எடுத்தன். எப்பிடித் தொடங்கிறது எண்டு தெரியாமல், நான் இண்டைக்கு வீட்டை வரேல்லை, ஒருக்கால் பிள்ளையைப் பாத்திட்டு வாறன் எண்டன். உடனை, நீங்களும் கொப்பியைப் பாத்தனீங்களோ எண்டு கேட்டா. அவ வியாழக்கிழமையே பாத்திட்டாவாம். பாத்திட்டு, இந்த மனுசன் தமையனை நினைச்சு உடைஞ்சு போயிடும் எண்டு எனக்குச் சொல்லாமல், திரும்பப் புத்தகங்களுக்குக் கீழை வைச்சவவாம். நான் அவவுக்குச் சொல்லேல்லை, அவ எனக்குச் சொல்லேல்லை, ஒரே வீட்டுக்குள்ளை மூண்டு நாள் ஆளுக்காள் சாப்பாடு போட்டுக் குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறம். எங்கடை வீட்டுப் பழக்கம் உனக்கும் தொத்தியிருக்கு பிள்ளை, உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அம்மா கடைசியாச் சொன்னது இதுதான். இஞ்சை திரும்பி வந்து உடுப்பு எடுக்க வேண்டாம், நேரை போங்கோ, சோதினையைப் பற்றி ஒரு கதையும் கதைக்காதேங்கோ.

அதாலை நான் சோதினையைப் பற்றிக் கதைக்கப் போறேல்லை. நீ அதை எழுதினாலும் சரி எழுதாமல் விட்டாலும் சரி, படிப்பை விட்டிட்டு வாறன் எண்டாலும் சரி, இல்லை அங்கையே நிக்கப்போறன் எண்டாலும் சரி. நான் உன்னை நம்பியிருக்கிறன் எண்டது நீ பாஸ் பண்ணுவாய் எண்டில்லை, அப்பிடி உனக்கு விளங்க விட்டது என்ரை பிழை. எனக்கு நீ இருக்க வேணும், அவ்வளவுதான். உனக்கு வந்திருக்கிறது ஒரு வருத்தம் எண்டு பிரசாந்தி சொல்லுறாள், அவளின்ரை மச்சாளுக்கும் வந்து டொக்டரிட்டைக் காட்டி மாறினதாம். காய்ச்சலுக்குப் போறம் தானே, இதுக்கும் ரண்டு பேரும் போவம். நீ உள்ளுக்குப் போய்க் கதைக்கேக்கை நான் வெளியிலை கிடக்கிற வாங்கிலை இருக்கிறன். உனக்குச் சாக வேணும் எண்டு நினைப்பு வந்தால் அதை என்னட்டைச் சொல்லு. நான் பயப்பிட மாட்டன் எண்டு சொல்லேல்லை, பயப்பிடுவன், ஆனால் எழும்பித் தோட்டத்துக்குப் போக மாட்டன். அண்ணை என்னட்டைச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன செய்யத் தெரிஞ்சிருக்குமோ தெரியாது, அவரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு விடாமல் இருந்திருப்பன், அதுவாவது தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகுது. பிரசாந்தியின்ரை தாய் இடியப்பம் கட்டித் தந்திருக்கிறா, மிச்சத்தை அங்கை வந்து எழுதுறன்.

திங்கள், காலமை எட்டு மணி. உன்ரை ஹொஸ்ரல் கேற்றடியிலை நிண்டு எழுதுறன் பிள்ளை. பஸ்ஸிலை எழுத ஏலேல்லை, நித்திரையும் வரேல்லை. கண்டியிலை இறங்கி மற்ற பஸ் எடுத்து விடியவே வந்திட்டன். ஆம்பிளையளை உள்ளுக்கு விடமாட்டினமாம். காவலுக்கு நிக்கிற சிங்கள ஐயாவுக்கு எங்கடை பாசை நாலு சொல்லுத்தான் தெரியும், எனக்கு அவரின்ரை பாசை அதுவும் தெரியாது, ஆனால் என்ரை முகத்தைப் பாத்திட்டு அவர் ஒண்டும் கேக்காமல் ஜெசிதாவுக்குப் போன் எடுக்க விட்டார். ஜெசிதா இறங்கி ஓடி வந்தாள். இரவு பதினொரு மணிமட்டும் உன்னோடை இருந்தவளாம், பிறகு நீ நித்திரை வருது எண்டு அவளை அனுப்பிப்போட்டுக் கதவைப் பூட்டினியாம். விடியத் தட்டினவளாம், சத்தமில்லையாம். நான் அந்தப் பிள்ளையின்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறன், அதுக்கு மேலை அவள் சொன்னது ஒண்டும் காதிலை விழேல்லை. போ, திருப்பித் தட்டு, பொறுப்பான மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போ, திறக்காட்டில் உடையுங்கோ எண்டன். அவள் போய் வரமட்டும் எவ்வளவு நேரம் எண்டு எனக்குத் தெரியாது, எதிர்ப்பக்கத்துச் சுவரிலை இருந்த பூட்டின யன்னல்களை ஒண்டு ரண்டு எண்டு எண்ணி எண்ணித் திரும்பவும் முதலிலை இருந்து எண்ணினன். பிறகு அவள் வந்தாள், ஓடி வரேல்லை, நடந்து வந்தாள், அதைப் பாத்து நான் கேற் கம்பியைப் பிடிச்சுக்கொண்டன். அங்கிள், கதைக்கிறாள், விடுங்கோ நித்திரை கொள்ளப் போறன் எண்டு உள்ளுக்கிருந்து ஏசிப் பேசுறாள் எண்டாள். நீ அவளைப் பேசினியாம். அந்தப் பேச்சுக்காக நான் இந்தப் பிள்ளையைக் கும்பிட்டன். ஐயா கதிரை கொண்டுவந்து என்னை இருத்தித் தண்ணி தந்தார்.

நான் வந்திருக்கிறன் எண்டு உனக்கு இன்னும் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னது நான்தான். இதை முதல் நீ வாசிக்க வேணும். இப்ப இதைக் கிழிச்சு ஜெசிதாவிட்டைக் குடுத்து விடுறன், கதவுக்குக் கீழாலை தள்ளுவாள். மிஸ்ஸும் வெளியிலைதான் நிக்கிறா, பயப்பிடாதை, ஒருத்தரும் உன்னை ஏச மாட்டினம். பிள்ளையார் உனக்குப் பக்கத்திலை நிக்கட்டும், நான் வரக்கூடிய தூரம் இந்தக் கேற்மட்டும்தான், மிச்சத் தூரம் நீதான் வர வேணும். முகம் கழுவாட்டிலும் பரவாயில்லை, தலை சீவி இழுக்காட்டிலும் பரவாயில்லை. இஞ்சை மழை தூறுது, படியெல்லாம் ஈரமாய் இருக்கும், செருப்பைப் போட்டுக்கொண்டு பாத்து இறங்கு.

கேற்றடியிலை இருக்கிற
உன்ரை அப்பா,
க. பஞ்சலிங்கம்.